கொல்லைப்புறமாக ஒரு துறைமுக நகரம்

போன ஞாயிற்றுக்கிழமை தரங்கம்பாடி நகர வாயிலில் காரை விட்டு இறங்கியதும், கையில் படிவங்களுடன் நின்றிருந்த ஒரு பெண்மணி கேட்டார்: "சார், ஒரு மணி நேரம் டூரிஸ்டா இருக்க முடியுமா?"

நான் டூரிஸ்ட்தான் என்றேன்.

"அப்ப இன்னும் நல்லது."

விஷயம் இதுதான். ஒரு தொண்டு அமைப்பு உள்ளூர்ப் பெண்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி கொடுக்கிறது. அன்று செய்முறைத் தேர்வு. சுற்றிக் காட்ட ஆள் ரெடி. மதிப்பெண் போடப் பயிற்சியாளரான இவர் ரெடி. சுற்றிப் பார்க்கத்தான் யாரும் கிடைக்கவில்லை.

என்னுடன் வந்திருந்தவர் என் அக்காவின் கணவர். பேராவூரணியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அத்தானை இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு ஏற்கெனவே தெரியும். "ஃப்ரீங்களா?" என்று மட்டும் கேட்டார். ஃப்ரீ என்றதும் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

தேர்வு எழுதுபவர் கஸ்தூரி. நாற்பது வயது இருக்கும். இருபது வருடமாக இதே ஊரில் தலைச்சுமையாக மீன் விற்றவர். கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, இனி தலையில் பாரம் ஏற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வழிகாட்டி பேட்ஜ் கிடைத்தால் கூடையை இறக்கி வைக்கலாம். முதல் தேர்வில் தவறிவிட்டார். இது இரண்டாவது. மூன்றாவது வாய்ப்பு கிடையாது. இதையெல்லாம் அவரேதான் சொன்னார். புகாராக அல்ல, தகவலாக.

வாயிலில் நன்றாகத்தான் ஆரம்பித்தார். டேனிஷ்காரர்கள் வந்தது, தஞ்சாவூர் நாயக்கரிடம் இடம் வாங்கியது, மிளகு, துணி, கப்பல்... நிறுத்தி நிதானமாகச் சொன்னார். பயிற்சியாளர் ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டார்.

ராஜ வீதிக்குள் நுழைந்தோம். சுத்தமான அகலத் தெரு, தெருக்கோடியில் கடல். இரு பக்கமும் தூண் வைத்த பழைய வீடுகள். இங்குதான் சிக்கல்.

"இது டாக்டர் வீடு" என்றார் கஸ்தூரி.

"அது அடுத்தது" என்றார் பயிற்சியாளர். டிக் இல்லை.

"அப்ப இது... வியாபாரி வீடு."

"எதிர்ப்பக்கம்."

கஸ்தூரி நின்றுவிட்டார். முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். எனக்கே வியர்த்தது. அத்தான், "எல்லாம் ஒரே மாதிரிதான கட்டி வச்சிருக்கான்" என்று டேனிஷ்காரர்கள் மேல் பழியைப் போட்டார்.

எதிர்ச் சுவர் நிழலில் மீன் கூடையுடன் உட்கார்ந்திருந்த ஒரு பெண் சிரித்தார். கஸ்தூரியின் நாத்தனார் ராணி. வேடிக்கை பார்க்கவே வந்தவர்.

"அண்ணி, கொல்லப்பக்கமா வுட்டா கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவ. முன்பக்கம் நமக்கு என்னாத்த தெரியும்?"

"நீ சும்மா இருடி. மார்க்கு போவுது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மீன்காரர்களை யார் முன்வாசலில் கூப்பிடுகிறார்கள்? மீன் கொல்லைப்புறமாகத்தான் வீட்டுக்குள் போகும். இருபது வருடமாக இந்த வீடுகளுக்குத் தினமும் வந்த ஒருவர் ஒரு வீட்டின் முகத்தைக்கூட நின்று பார்த்ததில்லை!

அத்தான் முடிவெடுத்துவிட்டார். "எங்களுக்குப் பின்பக்கம் காட்டுங்கம்மா."

"ரூட்ல அது இல்லைங்க சார்" என்றார் பயிற்சியாளர்.

"டூரிஸ்ட் ஆசைப்பட்டா கைடு கூட்டிப் போவக் கூடாதுங்களா?"

பயிற்சியாளர் கஸ்தூரியைப் பார்த்தார். கஸ்தூரி தரையைப் பார்த்தார். "பத்து நிமிஷம். அதுக்கு மேல வேணாம்" என்றார் பயிற்சியாளர்.

வீடுகளுக்குப் பின்னால் ஒரு குறுகிய சந்து. அதற்குள் நுழைந்ததும் கஸ்தூரியின் நடையே வேகமானது. குரலும் ஏறியது.

"அடுப்படி எல்லாம் மேற்கு மூலையில இருக்கு பாருங்க. கடக்காத்து கெழக்கேர்ந்து அடிக்கும், பொக வீட்டுக்குள்ள வராது. இந்தக் கெணறு நல்ல தண்ணி, அந்தக் கெணறு உப்பு. அந்தக் காலத்துல காசுக்காரன் வீடு எதுன்னு தெரியணுமா? தண்ணியக் குடிச்சுப் பாத்தாப் போதும். இதுதான் வியாபாரி வீடு. அது டாக்டர் வீடு, இப்ப இருக்கறவங்க நெத்திலிதான் வாங்குவாங்க. ஆனா வஞ்சரத்துக்குப் பேசற பேரம் பேசுவாங்க."

ஒரு மதிலில் தோள் உயரத்துக்கு ஒரு கல் நீட்டிக்கொண்டிருந்தது. அலங்காரம் என்று நினைத்தேன். கஸ்தூரி அதைத் தட்டிக் காட்டினார்.

"ஆள் தொணை இல்லாம கூடைய எறக்கி வக்கிற கல்லு. இந்தச் சந்துல இந்த ஒரு வீட்லதான் இருக்கு. வெயில் நாள்ல இதுக்காவவே சுத்திக்கிட்டு இந்தப் பக்கம் வருவோம்."

யார் எப்போது வைத்த கல் என்று அவருக்குத் தெரியவில்லை. பயிற்சியாளருக்கும் தெரியவில்லை. ஆனால் அவர் படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டார்.

பேச்சுச் சத்தம் கேட்டு அந்த வீட்டின் கொல்லைக் கதவு திறந்தது. நைட்டிக்கு மேல் துண்டு போட்ட வீட்டுக்கார அம்மா.

"என்ன கஸ்தூரி, இன்னைக்கு என்ன மீனு?"

"மீனு இல்லீங்க. ஆளுங்களக் கொண்டாந்திருக்கேன்."

அந்த அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். அத்தானை எந்த மீனோடு ஒப்பிட்டாரோ தெரியாது. "வெயில்ல ஏன் நிக்கறீங்க, உள்ள வாங்க" என்றார். கிணற்றடி, அடுப்படி, கூடம், ஆளோடி என்று ஒவ்வொன்றாகக் கடந்து முன்வாசல் வழியாக ராஜ வீதியில் இறங்கினோம்.

கஸ்தூரி கடைசியாக இறங்கினார். தெரு நடுவில் போய் நின்று, அந்த வீட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பச்சை ஜன்னல், நான்கு தூண், வாசல் வளைவு.

"இதானா நம்ம சங்கரா மீன் வாங்கற வீடு!"

பிறகு எல்லாம் சரியாக வந்தது. ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் ஒரு நொடி நின்று, மனசுக்குள் கொல்லைப்புறம் போய் வந்து, பெயரைச் சொன்னார். ஒன்றுகூடத் தவறவில்லை. கோட்டையையும் கடற்கரைக் கோவிலையும் அதே வேகத்தில் முடித்தார்.

நாமெல்லாம் ஊர் பார்க்கும் லட்சணம் இப்படித்தான் இல்லையா? யார் கட்டினார்கள், எந்த ராஜாவின் சின்னம், எங்கே நின்றால் போட்டோ நன்றாக வரும்... தண்ணீர் எங்கிருந்து வந்தது, சாப்பாடு எந்த வழியாக உள்ளே போனது என்று கேட்பதே இல்லை. நாற்பது வருடம் செய்தி எழுதியவன் நான். நானும் கேட்டதில்லை.

கடைசியில் ஒரு படிவம் வந்தது. டூரிஸ்ட் நிரப்ப வேண்டியது. அதற்கும் மதிப்பெண் உண்டு. எட்டாவது கேள்வி: "வழிகாட்டி நிர்ணயித்த பாதையைப் பின்பற்றினாரா? ஆம் / இல்லை."

"ஆமான்னு போடு மாப்ள" என்றார் அத்தான் மெதுவாக. கஸ்தூரி கொஞ்சம் தள்ளிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்காத மாதிரிப் பார்ப்பது எனக்குத் தெரியாதா?

பாதை மாறியது உண்மை. பொய்யில் ஒரு மதிப்பெண் வாங்கிக் கொடுத்தால், அவர் அன்று செய்தது தப்பு என்று நானே சொன்னதாகிவிடும். "இல்லை" என்று டிக் போட்டேன். கீழே இருந்த காலி இடத்தில், "பின்பற்றாத பத்து நிமிடத்தில்தான் ஊர் புரிந்தது" என்று எழுதிக் கொடுத்தேன். திரும்பும் வழியில் மயிலாடுதுறை வரை அத்தான் தொப்பியை முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டே வந்தார்.

வியாழக்கிழமை போன் வந்தது.

"சார், பாஸு. கூடைய ராணி எடுத்துக்கிட்டா. மேடம் ரூட்டு அட்டையைப் புதுசா அடிக்கறாங்க... நம்ம சந்தும் இருக்கு சார்."

இனி தரங்கம்பாடி போகிற வாசகர்கள் எட்டாவது கேள்விக்குத் தாராளமாக "ஆம்" போடலாம்.