வாசலில் தந்த சுண்டல்

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்தவள். ஒல்லியான உடம்பு, எப்போதும் பாதி அவிழ்ந்த கொண்டை. ஆட்டிசம் உள்ள தன் மகனின் மணிக்கட்டை அவள் விட்டு நான் பார்த்ததே இல்லை. அவன் அலறினால், யாரும் வாய் திறப்பதற்குள் எல்லோரிடமும் "சாரி" சொல்லிவிடுவாள்.

நவராத்திரிக்கு அவளையும் கொலுவுக்கு அழைத்தேன். ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு அழைக்காமல் விட முடியுமா? ஆனால் பையன் பொம்மைகளை இழுத்துவிடுவானே என்று பயம். சுண்டலையும் வெற்றிலை பாக்கையும் முன்னதாகவே ஒரு பையில் போட்டு வைத்துவிட்டேன். மணி அடித்ததும் கதவைப் பாதி திறந்து அதை நீட்டினேன்.

"உனக்கு எதுக்கு சிரமம்னு கட்டியே வச்சுட்டேன்மா."

அன்று தலையைப் படிய வாரி, பட்டுப்புடவையில் வந்திருந்தாள். பையைப் பார்த்தாள்.

"சாரி மாமி," என்றாள். பிறகு சிரித்தாள். "இதுவும் சௌகரியம்தான். எல்லாராத்துலயும் இப்படித்தான் தரா."

"இன்னொரு நாள் சாவகாசமா வா."

தலையாட்டிவிட்டுக் குனிந்தாள். மகனின் காலில் செருப்பை மாட்டிவிட்டு, தன்னுடையதைத் தேடிப் போட்டுக்கொண்டாள். உள்ளே வரத்தான் இருவரும் அவற்றைக் கழற்றிவிட்டு நின்றிருக்கிறார்கள்.