எல்வின் கேட்ட மூன்று நிமிடம்

கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்தில், எங்கள் ஊர்ப் பல்கலைக்கழக அரங்கில் இருபத்தெட்டு வருடமாக ஐஸ் தரை போடுகிறவர் எல்வின் கோர்மியர். அதே அரங்கின் மூலையில் வீரர்களின் ஸ்கேட் பிளேடைத் தீட்டுவது என் வேலை. மனுஷன் ஏங்கியது ஒன்றுக்குத்தான்: தேசியப் பல்கலைக்கழக ஐஸ் ஹாக்கிக் கோப்பை நம் ஊரில் நடக்க வேண்டும், தன் ஐஸை யாரும் குறை சொல்லக் கூடாது.

ஓய்வு பெறும் வருடம் அது வந்தது. எங்கள் பையன்கள் வட்டாரப் போட்டியில் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வியவர்கள். போட்டியை நடத்தும் ஊர் என்பதால் உள்ளே வந்தார்கள். ஒரு ஆட்டம் தோற்றாலும் கோப்பை போய்விடும்.

அமைச்சர் வந்து தொடங்கி வைக்க, வாசலிலிருந்து நடுவட்டம் வரை ஐஸ் மேல் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். எப்போது கம்பளம் போட்டாலும், சுருட்டியதும் எல்வின் குனிந்து வெறுங்கையால் தரையைத் தடவிக்கொண்டே நடப்பார். அன்று விழா பொறுப்பாளர் மார்னி தடுத்துவிட்டாள்.

"மூணு நிமிஷம் குடும்மா."

"டிவிக்காரங்க தொண்ணூறு செகண்டுதான் தர்றாங்க எல்வின். கம்பளம் புத்தம் புதுசு, அதுல என்ன இருக்கப்போகுது?"

"புதுசுலதான் ஸ்டேப்பிள் பின் இருக்கும்."

"ஐயோ, வழிய விடுங்க!"

நான்காவது நிமிடம் எங்கள் கேப்டன் கேலம் ரப்பர் வட்டை மட்டையால் தள்ளிக்கொண்டு தனியாகப் பாய்ந்தான். நடுவட்டத்தருகே, பக்கத்தில் ஒருவரும் இல்லாமல், பொத்தென்று விழுந்தான். எதிரணிக்காரன் வட்டை எடுத்துப்போய் கோல் போட்டான். அந்த ஒரு கோலில் தோற்றோம். ஐஸ் சரியில்லை என்று டிவி வர்ணனையாளர் மூன்று முறை சொன்னார்.

கேலமின் ஸ்கேட் என்னிடம் வந்தது. பிளேடின் நடுவில் பல் போன மாதிரி ஒரு பள்ளம். எல்வின் அதற்குள், ஐஸ் தரையை மெஷின் சுரண்டி வெளியே கொட்டிய பனிக்குவியலைக் கிளறி, வளைந்த பின் ஒன்றை எடுத்து வந்திருந்தார். இரண்டையும் மார்னியிடம் காட்டினோம்.

"இப்ப இதைச் சொல்லி என்ன ஆகப்போகுது? அமைச்சர் நடந்த கம்பளம். விட்டுடுங்க."

எல்வின் பின்னைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இறுதி ஆட்டத்துக்கும் அதே கம்பளம். இந்த முறை அவர் யாரையும் கேட்கவில்லை. சுருட்டியதும் இறங்கித் தடவிக்கொண்டே நடந்தார். டிவி காத்திருந்தது. கூட்டம் ஊளையிட்டது. மேல்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்.

"யோவ் பெருசு, ஐஸைக் கெடுத்தது பத்தாதா? ஆட்டத்தையும் கெடுக்காதய்யா!"

எல்வின் நிமிரவே இல்லை. ஓரிடத்தில் நின்று, எதையோ நகத்தால் கிள்ளி எடுத்தார். பிறகுதான் வெளியே வந்தார்.

அன்று யாரும் தானாக விழவில்லை. வென்ற அணியின் பயிற்சியாளர் டிவியில் பல்லெல்லாம் தெரியச் சொன்னார்: "ஐஸ் இன்னைக்குப் பிரமாதம். பழைய ஆளை மாத்திட்டாங்க போல. நல்ல வேலை பண்ணாங்க."

எல்வின் என் மேசைக்கு வந்து இரண்டு பின்களையும் வைத்தார்.

"புது ஆள் எப்படி இருக்கானாம்?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.