நான் கிளம்பினால் விழுகிற மெஷின்

1. மூன்றாவது ஃபோன்

மூன்றாவது முறையும் அந்த வீட்டிலிருந்து ஃபோன் வந்தபோது முதலாளி ரிசீவரை என் கையில் திணித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கெட்ட செய்தி வந்தால்தான் அவருக்கு டீ ஞாபகம் வரும்.

பேசியது சிங்காநல்லூர் கோமதி. டைப்பிஸ்ட் வேலையை விட்டுவிட்டு, எங்கள் கடையில் ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கி, வீட்டிலேயே டிடிபி, அதாவது அச்சுக்குப் பக்கம் அமைக்கிற வேலை, செய்துகொண்டிருந்தார்.

"நீங்க இருக்கற வரைக்கும் நல்லா ஓடுதுங்க சார். நீங்க போனதும் மறுபடியும் தானா ஆஃப் ஆயி ஆன் ஆகுதுங்க."

அது விண்டோஸ் 95 காலம். டைப் செய்துகொண்டிருக்கும்போதே திரை கறுத்துவிடும். 'பீப்' என்று ஒரு சத்தம். பிறகு முதலிலிருந்து மெமரியை எண்ண ஆரம்பிக்கும். டிஸ்க்கைச் சோதிக்கிற ஸ்கேன்டிஸ்க் ஓடி முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சேவ் செய்யாத பக்கம் போனது போனதுதான்.

அதுவரை கோமதிக்குக் கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும்தான் கிடைத்தன. இப்போது ஒரு அச்சகம் நம்பி ஒரு கோயில் கும்பாபிஷேக மலரைக் கொடுத்திருந்தது. நேரத்துக்கு முடித்தால் வேலை தொடர்ந்து வரும். முடிக்காவிட்டால் மெஷினை வந்த விலைக்கு வித்துப்போட்டு, பழைய டைப்பிஸ்ட் வேலைக்கே போகச் சொல்லியிருந்தார் மாமனார்.

டீ குடித்துவிட்டு வந்த முதலாளி வழக்கமான வைத்தியத்தைச் சொன்னார். வைரஸ் என்று சொல்லி ஃபார்மேட் செய்துவிட்டு, அப்படியே ஒரு யூபிஎஸ்ஸைத் தலையில் கட்டிவிட்டு வரவேண்டும். அப்போதெல்லாம் எங்களுக்குப் புரியாத எல்லாக் கோளாறுக்கும் வைரஸ் என்றுதான் பெயர். எனக்கு அந்தப் பொய் பிடிக்காது. பிடிக்காது என்று சொன்னேன். திட்டினார். மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

2. அதற்குள் செய்தது

முதல் தடவை போனபோது எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினேன். மெஷினுக்குள் பவர் கொடுக்கிற பெட்டி அதுதான். ரீஸ்டார்ட் என்றால் முதல் சந்தேகம் அதன்மேல். இரண்டாவது தடவை கேபினெட்டையே கடைக்குத் தூக்கி வந்து, ரேமை மாற்றிப் போட்டு, பெஞ்சில் நாள் முழுக்க ஓடவிட்டேன். ஒரு தடவைகூட விழவில்லை.

கடையில் ஓடி வீட்டில் விழுந்தால் கோளாறு பெட்டிக்கு வெளியே இருக்கிறது. அதனால்தான் இந்தத் தடவை மல்டிமீட்டர். பிளக்கில் வைத்துப் பார்த்தேன். வோல்டேஜ் ஆடாமல் அசையாமல் நின்றது. எர்த்தும் சரியாக இருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது.

3. வரவேற்பு

எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்குள் போனால், அந்த வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் வந்து "வாங்க" என்று கேட்பார்கள். ஒருவர் கேட்டு ஒருவர் கேட்காமல் விட்டால் அதை வருடக்கணக்கில் சொல்லிக் காட்டுவார்கள். வந்தவர் சொந்தக்காரராக இருந்தாலும் கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரராக இருந்தாலும் மரியாதை ஒன்றுதான்.

கோமதி கேட்டார். மாமனார் கேட்டார். கோமதியின் கணவருக்குத் திருப்பூரில் வேலை, பகலில் இருக்கமாட்டார். பிறகு பின்கட்டிலிருந்து துரைசாமி வருவார். அந்த வீட்டு மாப்பிள்ளை. கோமதியின் நாத்தனாரைக் கட்டியவர். மில்லில் காலை ஷிப்ட் முடிந்ததும் மாமனார் வீட்டுப் பின்பக்க ஷெட்டில் ஏதோ வேலை செய்கிறார் என்பதுவரை எனக்குத் தெரியும். வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "வாங்க தம்பி" என்று எதிரில் உட்காருவார். இதற்குள் என்ன இருக்கிறது, ஃபேன் எதற்கு, அமெரிக்காவில் எல்லா வீட்டிலும் இது இருக்கிறதாமே என்று கேட்டுக்கொண்டே இருப்பார். வந்தவனைத் தனியாக விட்டுவிட்டுப் போவது அவருக்கு மரியாதைக் குறைவு. நான் கிளம்புகிறவரை எழுந்திருக்கமாட்டார்.

வேலையில்லாத ஆள், என் நேரத்தைக் கெடுக்கிறார் என்று நினைத்தேன். காப்பி வந்தது. முறுக்கு வந்தது. மெஷின் மட்டும் கல்லுப்போல ஓடிக்கொண்டிருந்தது. பொழுது சாயும்வரை பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

4. சந்து வழி

பஸ் ஸ்டாப்பில் நின்றபோதுதான் மல்டிமீட்டரை மேஜையிலேயே வைத்துவிட்டது தெரிந்தது. என்னையே திட்டிக்கொண்டு, குறுக்கே இருந்த சந்து வழியாகத் திரும்பினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டுச் சுவரில் நீல வெளிச்சம் வெட்டி வெட்டி அடித்தது. ஜன்னல் வழியே, மெஷினுக்கு வைத்திருந்த ஸ்டெபிலைசர் 'டக் டக்' என்பது கேட்டது. உள்ளே திரை கறுத்தது. பீப்.

பின்கட்டில் துரைசாமி ஜன்னல் கிரில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். அதற்கு லைன் அந்த வீட்டுக் கரண்ட் மீட்டரிலிருந்தே போயிருந்தது. ராடு இரும்பில் படும்போதெல்லாம் வீட்டு வோல்டேஜ் விழும், ஸ்டெபிலைசர் துண்டித்துச் சேர்க்கும், மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். நான் வந்தால் அவர் ராடைக் கீழே வைத்துவிட்டு "வாங்க" கேட்க வந்துவிடுவார். கோளாறும் அவரோடு வந்து எனக்கு எதிரில் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் நான் எங்கே கண்டுபிடிப்பது.

கோமதி மடியில் கையை வைத்துக்கொண்டு ஸ்கேன்டிஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியுமுங்க."

"பெட்டியைத் தூக்கிட்டு அலைஞ்சேனே, ஏன் சொல்லலை?"

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஊட்டு மாப்பிள்ளைங்க சார். நாம போயி எப்படிங்க நிறுத்தச் சொல்றது? நீங்க மெஷின்லயே ஏதாச்சும் மாத்தி வெச்சுக் குடுத்துருவீங்கன்னு பாத்தனுங்க."

மெஷினில் மாற்ற ஒன்றுமில்லை. அந்த வீட்டுக்கு வருவதே ஒரே ஃபேஸ். வேறு ஃபேஸுக்கு மாற்ற வழியில்லை. யூபிஎஸ் வைத்தாலும், கரண்ட் இப்படி வெட்டி வெட்டி வந்தால் அதன் பாட்டரி சீக்கிரம் வீணாய்ப் போய்விடும். ஒரு வார்த்தை சொன்னால் தீர்கிற விஷயத்துக்கு ஒரு பெண்ணின் பிழைப்பை விற்கத் தயாராக இருந்தார்களே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. நேராகப் பின்கட்டுக்குப் போனேன்.

"நீங்க இங்க ராடு வெச்சா அங்க அவங்க செஞ்ச வேலையெல்லாம் அழிஞ்சு போகுது. ரெண்டுல ஒண்ணுதான் இந்த லைன்ல ஓடும்" என்றேன்.

துரைசாமி முகமூடியைக் கழற்றினார். சத்தம் கேட்டு வந்து நின்ற மாமனாரைப் பார்த்தார்.

"நெசமுங்களா மாமா?"

"அவரு ஏதோ சொல்றாருங்க மாப்ள. நீங்க பாட்டுக்குச் செய்யுங்க."

மாமனார் முகத்திலேயே துரைசாமிக்குப் பதில் கிடைத்துவிட்டது. "செரிங்க மாமா" என்றார். லைனைப் பிடுங்கி, கேபிளைச் சுருட்டி வைத்தார். கோமதி அவசரமாகக் காப்பி கொண்டுவந்தார். "இருக்கட்டும் கண்ணு" என்று சொல்லிவிட்டுத் துரைசாமி மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாமனார் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க தம்பி, நீங்க கம்ப்யூட்டர் பாக்க வந்தீங்களா, எங்கூட்டு மாப்பிள்ளையத் தொரத்த வந்தீங்களா?"

நான் கடைக்குப் போய்ச் சேருமுன்பே புகார் வந்திருந்தது. வைரஸ் என்று சொல்லித் தொலைத்திருந்தால் யாருக்கும் நோகாமல் போயிருக்கும் என்றார் முதலாளி. மல்டிமீட்டரையும் எடுக்காமல் வந்துவிட்டேன். அதற்கும் சேர்த்துத் திட்டு வாங்கினேன்.

5. மலர்

மலர் நேரத்துக்கு அச்சானது. ஒரு பிரதியையும் என் மல்டிமீட்டரையும் எடுத்துக்கொண்டு கோமதி கடைக்கு வந்தார். அச்சகம் அடுத்த வேலையும் கொடுத்திருந்தது. துரைசாமி இருகூர்ப் பக்கம் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்துப் போய்விட்டார். அந்தத் தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்கு வரவில்லை. இதையும் கோமதிதான் சொன்னார். என்மேல் குறையாகச் சொல்லவில்லை. நன்றியாகவும் சொல்லவில்லை.

"மெஷின் நல்லா ஓடுதுங்க சார். இனி ஏதாச்சும் ஆச்சுன்னா வேற ஆரையாச்சும் அனுப்புங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

புதிதாக சர்வீஸுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆனால் ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள். முதலில் மீட்டர் பெட்டியிலிருந்து என்னென்ன லைன் போகிறது என்று பாருங்கள். அந்த வீட்டில் வேறு என்ன ஓடுகிறது என்று கேளுங்கள். பதில் கிடைக்காது, நீங்களே சுற்றிப் போய்ப் பாருங்கள். உங்களுக்காக வேலையை நிறுத்தி வைத்திருந்தால், வழக்கம்போல நடக்கச் சொல்லிவிட்டு அப்புறம் மெஷினைப் பாருங்கள். காரணம் தெரிந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள். அந்த வீட்டில் உங்களுக்குக் கெட்ட பேர்தான் வரும். வரட்டும்.

இரண்டு வருடம் கழித்து கோமதி இன்னொரு மெஷின் வாங்கினார். எங்கள் கடையில்தான். மதர்போர்டு முதல் கடைசி ஸ்க்ரூ வரை நான்தான் மாட்டினேன். கொண்டுபோய் வைக்க வேறு ஆள் போனான்.