கதவு மட்டும் தயார்

வீடு கட்டுவது ஒன்றும் பெரிய வித்தையல்ல, கட்டுவதற்கு இடம் காலி செய்வதுதான் வித்தை என்பது இந்தக் கட்டடக் கண்ட்ராக்ட் தொழிலில் என்னைப் போல் மண்டை காய்ந்தவர்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர்களாக இருந்து மண்டை காய்ந்தவர்களுக்கும் தெரியும். யுத்த காலத்தில் சிமெண்டுக்கும் இரும்புக்கும் பர்மிட் கேட்டார்கள். அதனால் எனக்குக் கிடைத்ததெல்லாம் பின்புறத்தில் செங்கல், சுண்ணாம்பு, ஓடு வைத்துக் கட்டுகிற சின்னச் சின்ன அவுட்ஹவுஸ் வேலைகள்தான். அவற்றில் தியாகராய நகர் சேஷாத்ரி வீட்டு வேலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வருகின்றன.

ஆடி பிறந்துவிட்டது

சேஷாத்ரி பென்ஷன் வாங்கிய ஹெட்கிளார்க். ஒரே பையன் ராமுவுக்கு ஆனியில் கல்யாணம் செய்து வைத்தார். வீட்டில் கதவு உள்ள அறை ஒன்றே ஒன்று. அதில் அவருடைய தம்பி வரது குடும்பத்தோடு இருந்தார். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று கும்பகோணத்துக்கு ஓடி, திரும்பி வந்து பார்த்தால் அவர்களுடைய வாடகை வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். நாலு நாள் தங்கிப் போகிறோம் என்று அண்ணன் வீட்டுக்கு வந்தவர்கள்தான். அந்த நாலு நாள் இன்னும் முடியவில்லை. புது மாப்பிள்ளை ராமு மொட்டை மாடியில் படுத்தான். புதுப் பெண் கமலா கூடத்தில் மாமியாருக்குப் பக்கத்தில் படுத்தாள்.

ஆடிக்குக் கமலாவைத் திருவல்லிக்கேணியில் அப்பா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். கிளம்பும்போது அவள் ராமுவிடம், "கதவுன்னு ஒண்ணு இருக்கற இடமா பாத்து வைங்கோ, அப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டாளாம். ராமு இதை என்னிடம் சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பின்புறத்தில் இரண்டு அறை, ஒரு சமையலறை என்று முடிவாயிற்று. ஆவணி முதல் தேதி பூஜை போட்டுக் கடைக்கால் தோண்டுவது, அதுவரைக்கும் மனையைத் திருத்துவது என் பொறுப்பு. ஆடியில் மண்ணைத் தொடலாமா என்று நான் சந்தேகப்பட்டேன். சேஷாத்ரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஆடியில ஆரம்பிக்கத்தான் படாது. சுத்தம் பண்றதை யார் ஓய் ஆரம்பம்னா?"

நூல் நகர்ந்தது

அறைகள் வருகிற அளவுக்கு முளைக்குச்சி அடித்து, நூல் கட்டி, சுண்ணாம்புத் தூளும் தூவிவிட்டேன். கிழக்கு அறை வருகிற இடத்தில் ஒரு வேப்பமரம் நின்றது. கோடாலியோடு வந்த கன்னியப்பன் அதை அண்ணாந்து பார்த்தான். கோடாலியைக் கீழே வைத்தான். செருப்பைக் கழற்றினான். இத்தனை வருஷமாக எனக்கு மரம் வெட்டித் தருகிறவன், புளி, மா, தென்னை என்று பேதம் பார்க்காதவன், அன்றைக்கு மரத்தைப் பார்த்துக் கும்பிட்டான்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேதான் குடியிருக்கும். வேலைக்கு வந்தாயா, வேண்டுதலுக்கு வந்தாயா என்று கத்தினேன். அவன் அசரவில்லை.

"ஆடி மாசத்துல ஆத்தா மேல கோடாலி வைக்கச் சொல்றியே, உனுக்கு இன்னா தகிரியம் சார்? மரம் நவுராது. நூலு நவுரும், நவுத்திக்கோ."

நவுத்திக்கொண்டேன். ஓர் அறை போயிற்று.

பூ தள்ளிவிட்டது

மேற்கே கிணற்றடியில் வாழைக்கூட்டம். சமையலறை அங்கேதான் வரவேண்டும். ஆத்தாவுக்கும் வாழைக்கும் சம்பந்தமில்லை என்று கன்னியப்பனிடம் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொண்டேன். அவன் அரிவாளை ஓங்கிய சமயம் ராமுவின் அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தாள். ஒரு வாழை முதல் நாள்தான் பூ தள்ளியிருந்தது. தாறு முற்றுகிற வரைக்கும் யாரும் கிட்டே வரக்கூடாது என்றாள்.

மருமகளுக்காகத்தானே அம்மா இந்தச் சமையலறை என்று நயமாகச் சொல்லிப் பார்த்தேன். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த ராமுவும் தன் பங்குக்குக் கெஞ்சினான். அவள் வாழைமரத்தை ஒரு கையால் அணைத்துக்கொண்டாள்.

"பிள்ளைத்தாச்சி மாதிரி நிக்கறது, இதையா வெட்டச் சொல்றே? சமையல் என்னோட பண்ணட்டும், நான் என்ன அவளைக் கடிச்சா தின்னுடுவேன்?"

ராமு நூலை அவனே நகர்த்தினான்.

வரதுவின் பள்ளம்

மிச்சம் ஓர் அறை. அதற்கு நட்டநடுவில் வரதுவின் பள்ளம். குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்வதற்காக, கும்பகோணத்திலிருந்து திரும்பி வந்ததும் அவரே மண்வெட்டி பிடித்து வெட்டியது. அதில் இதுவரைக்கும் ஒருவரும் ஒளிந்ததில்லை. ஆடி மழையில் தண்ணீர் தேங்கித் தவளைகள்தான் குடும்பம் நடத்தின. அவற்றுக்குக்கூட அந்த வீட்டில் தனி இடம் இருந்தது.

மண் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவர் இறங்கிவிடும் என்று எடுத்துச் சொன்னேன். வரது பள்ளத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சேஷாத்ரி தம்பியிடம் பேசப் பயந்து பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். நான் குரலை உயர்த்தினேன். வரது என்னைவிட உயர்த்தினார்.

"யுத்தம் முடியட்டும், மூடலாம். இப்பவே மூடிட்டு, நாளைக்குக் குண்டு விழுந்தா உம்ம நூலுக்குள்ளயா போய் ஒளிஞ்சுக்கறது?"

கடைசியில் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் கிடைத்த துண்டில் நூல் கட்டினேன். கட்டில் போட்டால் ஆள் நிற்க இடமிருக்காது, ஆள் நின்றால் கட்டில் போட முடியாது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ராமு உள்ளே இறங்கி இரண்டு எட்டு வைத்துப் பார்த்தான், மூன்றாவது எட்டுக்கு இடமில்லை.

ஆவணி

முதல் தேதி காலையில் பூஜைக்கு எல்லாரும் பின்புறத்தில் கூடியிருந்தோம். வாசலில் ஜட்கா வந்து நின்றது. கமலாவும் அவள் அப்பாவும் இறங்கினார்கள். "இடம் தயார்" என்று ராமு சொல்லியனுப்பியிருந்தான். இடம்தான் தயார் என்பதை அவளும் ஊகித்திருப்பாள் போல. பெட்டி வண்டியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு நேராகப் பின்புறம் வந்தாள்.

வேப்பமரத்தைப் பார்த்தாள், வாழையைப் பார்த்தாள், பள்ளத்தைப் பார்த்தாள். கடைசியில் நூலைப் பார்த்தாள். ராமு தலையைக் குனிந்துகொண்டான். பெட்டி அப்படியே திருவல்லிக்கேணிக்குத் திரும்பப் போகிறது என்றுதான் நான் நினைத்தேன்.

"வாசப்படி எந்தப் பக்கம்?" என்று என்னைக் கேட்டாள். இரண்டு முளைக்குச்சிக்கு நடுவில் விட்டிருந்த இடைவெளியைக் காட்டினேன். முழங்கால் உயரத்து நூல்தான், எங்கே வேண்டுமானாலும் தாண்டலாம். அவள் சுற்றி நடந்து வந்து, அந்த இடைவெளி வழியாகத்தான், வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். உள்ளே நின்று திரும்பி, வெளியே நின்ற ராமுவைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னாள்:

"கதவைச் சாத்திண்டு உள்ள வாங்கோ."

பக்கத்தில் நூல் பிடித்துக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. நாற்காலியில் இருந்த வரதுவுக்கும் கேட்டிருக்க வேண்டும். ராமு இடைவெளி வழியாகப் போய், இல்லாத கதவை இழுத்துச் சாத்தினான். அவன் அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கமலாவின் அப்பா, பெட்டியை இறக்கச் சொல்லி ஜட்காக்காரனிடம் போனார். வரது மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சின்ன நூல் சதுரத்தையும் தன் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து நாற்காலியை மடக்கினார்.

"கன்னியப்பா, மண்ணைத் தள்ளு. நம்மாத்துல யுத்தம் முடிஞ்சாச்சு."

ஆடி முழுக்க நான் கத்தித் தீர்த்தும் காலியாகாத மனையை அந்தப் பெண் கதவே இல்லாமல் ஒரு கதவைச் சாத்திக் காலி செய்தாள், மனை திருத்திய கூலிக்கான பில்லை மட்டும் என் பெயரில் கொடுத்தேன்.