வலன்ரைன் நிறுத்தாமல் வாசித்த பாட்டு

என் மனுசன் வலன்ரைன் கிழமை நாட்களில் பாரிஸ் லா சப்பலில் ஓர் உணவகத்தில் கொத்துரொட்டி போட்டார். சனிக்கிழமைகளில் எங்கள் ஆட்களின் கல்யாண மண்டபங்களில் பேஸ் கிட்டார் வாசித்தார். பேஸ் கிட்டாரை யார் கவனிக்கிறார்கள்? வீடியோக்காரன்கூட அந்தப் பக்கம் திரும்பமாட்டான். குழுவை நடத்திய மகேந்திரராசா அண்ணை, "நீ வாசிச்சா என்ன, விட்டா என்ன, ஆருக்குக் கேக்குது?" என்று எல்லார் முன்னாலும் பகிடி விடுவார். இவரும் சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

2010இல் ஒபர்வில்லியேயில் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்த பிரெஞ்சுப் பாடகி ஒருத்தி இவர் வாசித்ததைக் கேட்டிருக்கிறாள். தானே எழுதித் தானே பாடுகிறவள். பேஸ் கிட்டார் தூக்கலாகக் கேட்கும் ரெகே பாட்டுகளாக ஓர் இசைத்தட்டு செய்துகொண்டிருந்தாளாம். அதன் கடைசிப் பாட்டுக்கு வாசிக்க வரச் சொன்னாள். இவர் கல்யாணங்களுக்குப் போடும் கோட்டு சூட்டையே போட்டுக்கொண்டு ஒலிப்பதிவுக்குப் போனார். நானும் போனேன், விடுவேனா?

பாட்டு முடிந்தது. எல்லாரும் நிறுத்தினார்கள். இந்த விசர் மனுசன் மட்டும் நிறுத்தவில்லை! எங்கள் கல்யாணங்களில் பொம்பிளை மாப்பிள்ளை மேடையேறும் வரைக்கும் இசை நிற்கக்கூடாது. மேடைப் பக்கமிருந்து யாராவது கை காட்டினால்தான் நிறுத்தலாம். அங்கே கை காட்ட யார் இருக்கிறார்கள்? இவர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டே இருந்தார். எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. பாடகி சிரித்தாள்; பிறகு டிரம்ஸ்காரனுக்குத் தலையசைத்தாள். அவனும் மெதுவாகச் சேர்ந்துகொண்டான். அந்த நீண்ட வாசிப்பை அப்படியே தட்டில் விட்டுவிட்டார்கள்.

"எங்கடை சனம் ஒருக்கா இதை முழுசாக் கேக்கவேணும், ராணி," என்றார் மெட்ரோவில். வேறொன்றுக்கும் ஆசைப்படாத மனுசன்.

வானொலியில் பாட்டு வருகிறது என்ற நாளில், நான் வேலை செய்த சேலைக்கடையில் தெரிந்தவர்களையெல்லாம் கூட்டிவைத்தேன். அவள் பாடி முடித்தாள். இவர் தனியாகத் தொடங்கும் இடத்தில், அட கோதாரி, அறிவிப்பாளர் பேசத் தொடங்கிவிட்டார்! "எங்கையப்பா உம்மடை வாசிப்பு?" என்று இவரைக் கேட்டுச் சிரித்துவிட்டுச் சனம் கலைந்தது. பிறகு போட்டபோதெல்லாம் அப்படித்தான். தட்டைக் கொடுத்தாலும், "உது பிரெஞ்சுப் பாட்டெல்லே" என்பார்கள். ஞாயிறு காலையில் நாங்கள் இரண்டு பேரும்தான் தேத்தண்ணியோடு இருந்து அதைக் கேட்போம். அவர் விரல் மேசையில் தாளம் போடும்.

போன மாசியில் மாரடைப்பு, போய்விட்டார். சென் தெனியில் துக்க மண்டபம் நிறையச் சனம். பெட்டியை மூடுமுன் அந்தப் பாட்டைப் போடச் சொன்னேன். பாடகியின் குரல் ஓய்ந்ததும், முடிந்துவிட்டது என்று நினைத்து மண்டப ஊழியன் நிறுத்தப் போனான்.

"கையை எடும்! இனித்தான் என்ரை மனுசன் வாசிக்கப்போறார்!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பிரெஞ்சுக்காரனுக்கு என்ன விளங்கியதோ, விலகிக்கொண்டான்.

கடைசி வரை கேட்டார்கள். ஒருவரும் அசையவில்லை. மகேந்திரராசா அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பதினைஞ்சு வருசம் பக்கத்திலை நிண்டனான், பிள்ளை. இண்டைக்குத்தான் கேட்டனான்."

"அவரிட்டைச் சொல்லுங்கோ அண்ணை," என்று பெட்டியைக் காட்டினேன்.