ஃபெரியில் தைத்த சிவப்புச் சட்டை

போன வாரம் எங்கள் தீவிலிருந்து அக்கரையில் இருக்கிற பட்டர்வொர்த் போகிற விரைவுப் படகில் உட்கார்ந்ததும், பையிலிருந்து தையல் சட்டத்தை எடுத்து மடியில் வைத்தேன். மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டி, நூல் நுனியை நாக்கில் நனைத்து, ஊசியின் காதைக் கண்டுபிடிப்பதற்குள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பக்கத்தில் இருந்த மலாய்ப் பெண் என் தோளைத் தொட்டு, "மச்சிக், டா சம்பாய்" என்றாள். வந்து சேர்ந்தாச்சாம். ஒரு தையல்கூடப் போடவில்லை நான். ஏசி போட்ட ஐஸ் பெட்டிக்குள் உட்கார்த்தி வைத்து அக்கரையில் இறக்கிவிட்டுவிட்டார்கள்.

தைத்துக்கொண்டிருப்பது ஒரு ஜோடி தலையணை உறை. என் தோழி லீ ஹூனின் மகளுக்குக் கல்யாணம். பேரங்காடியில் கணினித் தையல் இயந்திரக்காரனிடம் கொடுத்தால் காப்பி குடித்து முடிப்பதற்குள் மணமக்கள் பெயரைத் தைத்துத் தந்துவிடுவான். எனக்கு அது ஒத்துவராது. கொள்கை கிள்கை ஒன்றும் இல்லை, கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். சின்ன வயதில் நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் புண்ணாகிப்போய், வேறு வழியில்லாமல் அம்மா என் கையில் ஊசியைக் கொடுத்தாள். அன்றைக்குப் பிடித்த பிடி.

எங்கள் சொந்தத்தில் என் ஊசிக்குத் தப்பியவர்கள் இல்லை. பெரியப்பாவுக்குப் பெயரின் முதலெழுத்துப் போட்ட கைக்குட்டை தைத்துக் கொடுத்தேன். அதை வைத்து அவர் காரின் கண்ணாடியைத் துடைத்ததை நானே பார்த்தேன். மாமிக்கு மயில் போட்ட குஷன் உறை. மயில் அழுக்காகிவிடும் என்று மாமி அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு வைத்தாள். சாய்ந்தால் முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும். "எப்படி இருக்கு மாமி?" என்று கேட்டால், "வடிவாய் இருக்கு பிள்ளை, இனித் தைக்காத, உனக்குக் கண் போயிடும்" என்பாள். போதும் விடு என்று நாசூக்காகச் சொல்கிறாள் என்பது எனக்கு விளங்க வெகுகாலம் பிடித்தது. விளங்கிய பிறகும் நான் நிறுத்தவில்லை.

அந்த நாட்களில் எனக்கென்று ஒரு தையலறை இருந்தது, பழைய ஃபெரியின் மேல்தளத்தில். அக்கரையில் பிறை என்கிற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஸ்டோர் குமாஸ்தா வேலை எனக்கு. காலையில் ஜார்ஜ் டவுன் துறையில் ஏறினால் கீழே கார்களும் லாரிகளும், மேலே மர பெஞ்சுகளில் நாங்கள். எஞ்சின் எண்ணெய் வாசனை, உப்புக் காற்று, யாரோ பிரிக்கிற நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தின் வாழையிலை வாசனை. இன்றைக்கும் டீசல் வாசம் மூக்கில் பட்டால் என் விரல்கள் ஊசியைத் தேடும். நீங்கள் சிரிக்கலாம், பெட்ரோல் நிலையத்தில்கூடத் தேடும். அந்த ஃபெரிக்கு அவசரம் என்பதே கிடையாது. குறுக்கே ஒரு கப்பல் போனால் நின்று வழிவிட்டுத்தான் நகரும். அதற்குள் ஒரு பூவின் இதழ்களையும் காம்பையும் முடித்துவிடலாம். துறையில் சேரும்போது மட்டும் தூண்களில் ஒரு இடி இடிக்கும். அதற்கு முன்னால் ஊசியைத் துணியிலிருந்து எடுத்துவிட வேண்டும். இது தெரியாத ஆரம்ப நாட்களில் நான் தைத்தவற்றில் எங்கேயாவது சிவப்பாக ஒரு பொட்டு இருந்தால் அது நூல் அல்ல.

லீ ஹூனுக்கும் அதே தொழிற்சாலைதான். அவள் தைக்க மாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டே என் தையலில் குற்றம் கண்டுபிடிப்பாள்.

அக்கா வீட்டை விட்டுப் போனது அந்தக் காலத்தில்தான். அக்கரையில் ஜுரு என்கிற ஊரில் பழைய கார் வாங்கி விற்கிற ஆ செங் என்ற சீனரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். எங்களுடையது யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாகக் குமாஸ்தா வேலை பார்த்த குடும்பம். அப்பாவும் துறைமுக அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கத்தவில்லை. சாமி படத்துக்கு முன்னால் நின்று, எங்களுக்கெல்லாம் கேட்கும்படி, "அவள் இந்த வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது. நானும் அவளின்ர வாசல் மிதிக்கமாட்டன்" என்றார். சொன்னால் சொன்னதுதான். கையெழுத்துப் போட்ட தாளைத் திருப்பி வாங்கித் திருத்துகிற ஆள் இல்லை அவர்.

அக்கா உண்டாகியிருக்கிற செய்தி தொழிற்சாலைத் தொலைபேசியில்தான் எனக்கு வந்தது. அதற்குப் பிறகு நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா சமையலறைக்குள் இழுத்துக்கொள்வாள். "சாப்பிடுறாளாமோ? கால் வீங்கியிருக்காமோ?" அம்மாவுக்கு வேண்டியது ஒன்றுதான், பிறக்கப்போகிற பிள்ளையை ஒரு தடவை கையில் வாங்க வேண்டும். அப்பா சம்மதிக்காமல் அவள் போக மாட்டாள். அப்பாவிடம் கேட்கவும் மாட்டாள். இரண்டுக்கும் நடுவில் நான் கிடந்து தவித்தேன்.

எனக்குத் தவிப்பு வந்தால் தைக்க வேண்டும். அதற்கும் அம்மா தடை போட்டாள். "பிறக்க முந்தி பிள்ளைக்கு ஒரு நூலும் ஓட்டக் கூடாது" என்றாள். ஆகாதாம். துணி வாங்கி ஒளித்து வைத்துவிட்டு மாதக்கணக்கில் சும்மா இருந்தேன். ஃபெரியில் கைப்பிடிக் கம்பியின் பெயின்டைச் சுரண்டிச் சுரண்டி நகக்கண்ணெல்லாம் பச்சை. "நீ தைக்காட்டி என்னால நிம்மதியாச் சாப்பிட முடியல" என்கிற அர்த்தத்தில் லீ ஹூன் ஏதோ தன் ஹொக்கியன் சீனத்தில் திட்டினாள்.

பெண் குழந்தை பிறந்தது. எங்களுக்கு முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிவு, பிள்ளை பெற்ற தீட்டுக் கழிக்கிற நாள். அவர்களுக்குக் குழந்தைக்கு மாதம் நிறைந்ததும் விருந்து. இரண்டு சனத்துக்கும் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் சட்டையை முடிக்க வேண்டும். மெல்லிய வெள்ளை மல் துணியில், கழுத்தைச் சுற்றி நீலப் பூக்களைச் சங்கிலித் தையலில் போட ஆரம்பித்தேன். பாதிக் கழுத்து முடிந்திருக்கும். ஒரு நாள் காலை லீ ஹூன் வாயில் போட்டதை மெல்லாமல் என்னையே பார்த்தாள். "இது யாருக்கு? உன் அக்கா பிள்ளைக்கா? ஐயோ, தா போலே லா" என்றாள். கூடவே கூடாதாம். வெள்ளையும் நீலமும் அவர்கள் இழவு வீட்டு நிறமாம். நிறைமாத விருந்தில் இதைக் கொண்டுபோய் நீட்டினால் ஆ செங்கின் அம்மா என்னைக் கையோடு ஃபெரி ஏற்றி அனுப்பிவிடுவாளாம். "மேரா! சிவப்பு! சிவப்புதான்!"

அன்று மாலையே கெம்பல் வீதியில் சிவப்புத் துணியும் மஞ்சள் நூலும் வாங்கினேன். எனக்கு அழுகை வராத குறை. ஃபெரியில் மட்டும் தைத்தால் இனி முடியாது. துணிந்து வீட்டுக் கூடத்தில் விளக்குக்குக் கீழே உட்கார்ந்தேன். அப்பா செய்தித்தாளை மடித்துவிட்டு வந்து என் முன்னால் நின்றார்.

"ஆருக்கு?"

"ஃபாக்டரில ஒரு பிள்ளைக்கு அப்பா."

"சிவப்பிலயோ?"

நான் அடுத்த தையலைப் போட்டேன். எங்கள் வீடுகளில் பச்சைக் குழந்தைக்குப் பழைய வெள்ளை வேட்டித் துணிதான் வழக்கம். அப்பா வாழ்நாளெல்லாம் சீனக் குமாஸ்தாக்களோடு வேலை பார்த்தவர். எத்தனை நிறைமாத விருந்தின் மஞ்சள் சோறும் சிவப்பு முட்டையும் அவர் மேசைக்கு வந்திருக்கும். அவருக்குத் தெரியாததா. சட்டையை என் கையிலிருந்து வாங்கினார். கிழிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். புரட்டிப் பின்பக்கம் பார்த்தார்.

"இதில நூல் தொங்குது. குடுக்கிறதெண்டால் ஒழுங்காய்க் குடு" என்று திருப்பித் தந்துவிட்டுப் போய்விட்டார்.

அம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் தன் நல்ல சேலையை எடுத்து இஸ்திரி போட்டாள். அப்பா அதைப் பார்த்தார், என்ன ஏது என்று கேட்கவில்லை.

விருந்து ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் கிளம்பும்போது அப்பாவும் குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "மழை வரும்போல கிடக்கு. துறை மட்டும் வாறன்" என்றார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. துறைக்கு வந்தவர் எங்களோடு ஃபெரியிலும் ஏறி உட்கார்ந்தார். பட்டர்வொர்த்தில் அந்த இடி இடித்தபோது மட்டும் எழுந்திருக்கவில்லை. "நீங்கள் போயிட்டு வாங்கோ" என்றார். இறங்கினால் அக்கா வீட்டுக்குக் கூப்பிடுவாள், கூப்பிட்டால் முகத்துக்கு நேரே மறுக்க வேண்டும். அதுதான் அவர் கணக்கு.

ஜுருவில் ஆ செங்கின் அம்மா சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஹோ, ஹோ" என்று தலையாட்டினாள். அவர்கள் மொழியில் நல்லது என்று அர்த்தமாம். அக்கா என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. அம்மா குழந்தையைச் சிவப்புச் சட்டையோடு மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் சாப்பிடாமல் இருந்தாள். மாலையில் திரும்பிவர ஃபெரி ஏறினால், மேல்தளத்தில் அதே பெஞ்சில், குடையோடு அப்பா. பகல் முழுக்க இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்க்கொண்டே இருந்திருக்கிறார். அம்மா ஒரு சிவப்பு முட்டையை நீட்டினாள். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தச் சாயம் எத்தனை சலவைக்கும் போகவில்லை.

அடுத்த ஞாயிறும் இதே கூத்து. என்னால் பொறுக்க முடியவில்லை. தொழிற்சாலையிலிருந்து அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "அப்பா இறங்க மாட்டார் லா. நீ ஏறு" என்றேன்.

"ஏறினா பேசுவாரா?"

"தெரியாது. ஆனா ஃபெரி அவர் வீடும் இல்ல, உன் வீடும் இல்ல."

அந்த ஞாயிறு பட்டர்வொர்த்தில் அக்கா ஏறினாள். எதிர் பெஞ்சில் குழந்தையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஃபெரி கிளம்பி நடுக்கடலுக்கு வந்துவிட்டது. நான் ஊசியை ஒரே துளையில் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு அப்பா என்னைப் பார்த்து, அக்காவை அல்ல, என்னைப் பார்த்து, "காத்தடிக்குது. பிள்ளைக்கு ஒரு தொப்பி இல்லையோ? நீ இவ்வளவு நாளும் என்ன செய்துகொண்டிருந்தனீ?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அப்பா எழுந்து போய்க் குழந்தையின் தலையைத் தன் குடையால் மறைத்துக்கொண்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்.

தொப்பி அடுத்த ஞாயிறே தயார். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகள் அங்கேதான். அக்கா மகள் மெய்லின் அந்த பெஞ்சுகளைப் பிடித்துத்தான் நடக்கப் பழகினாள். பிறந்தநாள் கேக்கும் அங்கேதான் வெட்டினோம், காற்றில் மெழுகுவத்தி நிற்காது. ஒவ்வொரு வருடமும் அவளுக்கு ஒரு சட்டை, அக்காவுக்கு ஒரு மேசைவிரிப்பு, அத்தானுக்குக் கைக்குட்டை. எல்லாவற்றையும் அப்பா முதலில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவர்களிடம் கொடுப்பார்.

சொன்ன வார்த்தையை மட்டும் அவர் கடைசிவரை மாற்றவில்லை. ஃபெரியில் பேத்திக்குச் சோறு ஊட்டுகிற மனிதருக்கு, துறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற தன் வீட்டுக்கு வா என்று சொல்ல வாய் வரவில்லை. அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்த நாளில் அக்கா வாசலில் வந்து நின்று, "உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டாள். அவள் பிறந்த வீட்டில் அவளை அப்படிக் கேட்க வைத்ததற்காக எனக்கு இன்றைக்கும் அப்பா மேல் கோபம்தான்.

மெய்லின் இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். பழைய ஃபெரிகளை நிறுத்திய சமயத்தில் ஒரு நாள் கூப்பிட்டாள். கையில் ஊசியோடுதான் தொலைபேசியை எடுத்தேன்.

"சித்தி, நியூஸ்ல பார்த்தேன். தாத்தா வீட்ட நிப்பாட்டிட்டாங்களா?"

அது ஃபெரி என்று நான் திருத்தவில்லை. "ஆமாம்மா, நிப்பாட்டிட்டாங்க" என்றேன். உயிரோடு அவரை அவள் வேறெங்கும் பார்த்ததில்லை.