அமுதவல்லியின் வைத்தியச்சி

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். இதை எழுதும்போதும் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பாதிக்கு மேல் என் மேலேயே. அமுதவல்லி அக்கா எட்டு மாதம் உதிரப்போக்கோடு, ஞாயிறு தவறாமல் என் கடையில் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அப்படியே விட்டிருந்தால் செத்திருப்பாள். ஒரு விளையாட்டின் விதியை அவள் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தாள். அதனால்தான் விஷயமே எனக்குத் தெரிந்தது.

என் பெயர் நிர்மலா. அரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு விளையாடுவோம். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து, இப்போது அதையே மொரப்பூரில் வீட்டிலிருந்து பார்க்கும் முருகேஷ் கொண்டுவந்த விளையாட்டு. ஆளுக்கொரு பாத்திரத்தைத் தாளில் உருவாக்கிக்கொள்ள வேண்டும். முருகேஷ் கதை சொல்வான்: குகை, பூதம், பாழடைந்த கோட்டை. அங்கே நம் பாத்திரம் என்ன செய்கிறது என்று நாம் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

என் பாத்திரம் ரணசூரி, வாள்வீச்சுக்காரி. கடைக்கு வருகிறவர்களை அடிக்க முடியாத குறையை அங்கே தீர்த்துக்கொண்டேன். டவுன் பஸ் கண்டக்டர் வீரமணி அண்ணன் திருடனாக இருந்தார். வாரமெல்லாம் டிக்கெட் கேட்டு அலுத்துப்போனவர். பெயர் யோசிக்கச் சோம்பல்பட்டு, திருடனுக்கும் வீரமணி என்றே வைத்துவிட்டார். வாழ்க்கையில் இல்லாததைத்தான் எல்லாரும் தாளில் எடுப்பார்கள் என்பான் முருகேஷ். அமுதவல்லி அக்கா மட்டும் இருப்பதையே எடுத்தாள்.

அவளுக்குத் தீர்த்தமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் வேலை. எண்பத்தாறு பிள்ளைகள். வீட்டுக்காரர் காளியப்பன் போர்வெல் வண்டியோடு வடநாட்டுக்குப் போனால் பத்து மாதம் கழித்துத்தான் வருவார். மகனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க அரூர் வருகிறவள், ஒரு நாள் ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். மேசையில் கிடந்த பகடையைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“இதென்ன கண்ணு, நெல்லிக்காயைச் சீவி வெச்ச மாதிரி இருக்குது?”

முருகேஷ் பொறுமைசாலி. அவளை உட்கார வைத்து விளக்கினான்.

“கிளாஸ்னு ஒண்ணு இருக்குதுங்க்கா. அந்த ஆளு கத்துக்கிட்ட வித்தை அது. வீரனுக்கு உயிரு ஜாஸ்தி, எவ்வளவு அடிச்சாலும் தாங்குவான், மந்திரம் வராது. மந்திரவாதிக்கு மந்திரம் வரும், ஒரு தட்டு தட்டுனா விழுந்துருவான். ஒண்ணு கூடுனா இன்னொண்ணு கொறையும். உங்களுக்கு எது வேணும்ங்க?”

“உங்க கூட்டத்துல எந்த ஆளு இல்லைங்க?” என்று கேட்டாள் அவள்.

“வைத்தியம் பாக்கறவங்க இல்லீங்க.”

“அப்ப அதையே எழுதிக்கங்க.”

ஆறு குணங்களுக்குப் பகடை உருட்டி எண் எடுத்து, எது எதற்கு என்று நாமே பிரித்துக்கொள்ளலாம். அவளுக்கு விழுந்ததில் பெரியது பதினாறு, சின்னது ஏழு. பதினாறை விவேகத்துக்குப் போட்டாள். வைத்தியச்சிக்கு அதுதான் முக்கியம், சரி. ஏழு என்ற எண்ணை உடல் உறுதிக்குப் போட்டாள். அது குறைந்தால் உயிரும் குறையும் என்று முருகேஷ் தடுத்துப் பார்த்தான். “நான் பின்னாடிதானுங்க நிக்கப்போறேன், எனக்கெதுக்கு அது?” என்றாள். பாத்திரத்துக்குத் தீர்த்தா என்று பெயர் வைத்தாள்.

உயிர் என்பது தாளில் ஓர் எண்தான்; அடிபட அடிபடக் குறையும், தீர்ந்தால் ஆள் விழுந்துவிடும். வைத்தியச்சி, கதையில் ஒரு நாளைக்கு மூன்று தடவை வைத்தியம் செய்யலாம். யாரைத் தொடுகிறாளோ அவருக்கு, எட்டு முகப் பகடையில் விழுகிற எண்ணளவு உயிர் திரும்பும். எங்களுக்கு வசதியாகப் போயிற்று. நான் முன்பின் பார்க்காமல் பூதத்தின் மேல் பாய்வேன். “அக்கா, எனக்கொண்ணு” என்பேன். வீரமணி அண்ணன் பூட்டை உடைக்கப்போய் விஷ ஊசியில் குத்திக்கொள்வார், அவரும் கேட்பார். அவள் இல்லையென்று சொன்னதே கிடையாது.

எப்போதும் அடர்ந்த நிறத்தில் சேலை கட்டிவருவாள். நாற்காலியில் துண்டை நாலாக மடித்துப் போட்டுத்தான் உட்காருவாள். “மூலமாக்கா?” என்று ஒருமுறை கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தேன். அவளும் சிரித்தாள். நானும் ஒரு பொம்பளைதானே, எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிறு. கதையில் சிலந்திக் குகைக்குள் இருந்தோம். தீர்த்தாவின் உயிர் இரண்டுக்கு வந்துவிட்டது. வைத்தியம் ஒரு தடவைதான் மிச்சம். ரணசூரிக்கு முப்பதில் ஐந்துதான் குறைந்திருந்தது. ஆனாலும் கேட்டேன். கொடுத்தாள். அடுத்த சுற்றில் சிலந்தி கடித்து தீர்த்தா விழுந்தாள்.

“அந்த ஒண்ணை உங்களுக்கே போட்டிருக்கலாமேக்கா?” என்றான் முருகேஷ்.

அவள் திகைத்துப் பார்த்தாள். “எனக்கே போட்டுக்கலாமுங்களா?”

“தாராளமா. யாரைத் தொட்டாலும்னுதானே எழுதியிருக்குது. நீங்களும் ஒரு ஆளுதானுங்களே.”

“அடுத்தவங்களுக்கு மட்டுந்தான்னு நெனச்சிருந்தேன். பந்தியில பரிமாறறவ தன் எலையில தானே போட்டுக்குவாளா? கடைசியா யாராச்சும் உக்கார வெச்சுப் போடுவாங்க. அது மாதிரின்னு இருந்துட்டேனுங்க.”

“தனக்கு மிஞ்சித்தாங்க்கா தானமும் தர்மமும்” என்று வீரமணி அண்ணன் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு ஞாயிறும் யாருக்கு வைத்தியம் செய்தாள் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தாள். ரணசூரி, ரணசூரி, வீரமணி, ரணசூரி. எட்டு மாதத்தில் தீர்த்தாவின் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை.

“வாயத் தொறந்து கேக்கறதுக்கென்னக்கா கேடு?” என்று கத்தினேன்.

அவள் கிளம்ப எழுந்தாள். எழுந்தவள் ஜெராக்ஸ் மிஷினைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். பிடித்த விரல்களில் நகமெல்லாம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நாற்காலியில் கிடந்த துண்டில் ரத்தம். ஆண்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னேன்.

“எத்தனை நாளாக்கா?”

“பங்குனியில ஆரம்பிச்சுது கண்ணு. மாசத்துல இருவது நாள் போவுது.”

“ஆஸ்பத்திரிக்குப் போகலையா?”

“நான் போனா அடுப்பை யாரு பாப்பாங்க? வூட்டுலயும் ஆளில்ல. யாராச்சும் வா போலாம்னு கூப்புட்டிருந்தா போயிருப்பேன். நானா கேக்க ஒரு மாதிரியா இருந்துச்சு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. யாராவது தன் பக்கம் வருவார்கள் என்று விளையாட்டிலும் வெளியிலும் ஒரே மாதிரி காத்திருந்திருக்கிறாள். நாங்கள் மூன்று பேரும் எட்டு மாதமாக அவளிடம் கையை நீட்டிக்கொண்டு நின்றோம்.

முருகேஷ் காரில் அப்போதே கிளம்பினோம். அரூரில் பார்த்துவிட்டு தர்மபுரிக்கு அனுப்பினார்கள். ஹீமோகுளோபின் நாலு புள்ளி எட்டு. கர்ப்பப்பையில் கட்டி. டாக்டரம்மா என்னைத் தங்கை என்று நினைத்துக்கொண்டு, “கூட இருக்கறவங்க இத்தனை மாசம் என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?” என்று கேட்டார். பகடை உருட்டிக்கொண்டிருந்தோம் என்று எப்படிச் சொல்ல?

ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். முருகேஷும் வீரமணி அண்ணனும் கொடுத்தார்கள். நானும் கையை நீட்டினேன். நர்ஸம்மா விரலில் குத்திப் பார்த்துவிட்டு, “உனக்கே ஒம்பதுதான் இருக்குது, நீ யாருக்குக் குடுக்கப்போற?” என்று திருப்பி அனுப்பினார். ரணசூரியின் வீரம் அவ்வளவுதான். அன்றிலிருந்து நானும் மாத்திரை சாப்பிடுகிறேன்.

மார்கழியில் ஆபரேஷன் நடந்தது. மகன் லீவு போட்டு வந்து இருந்தான். பள்ளிக்கூடத்தில் சமைக்க மாற்று ஆள் வந்துவிட்டாள். சாம்பாரில் புளி தூக்கல் என்று பிள்ளைகள் புகார் சொன்னதில் அக்காவுக்குக் கொஞ்சம் பெருமை.

மாசி மாதம் மறுபடி கடைக்கு வந்தாள். தீர்த்தாவை முருகேஷ் சாக விடவில்லை, மயக்கத்திலேயே வைத்திருந்து எழுப்பினான். ஆனால் விதியில் சலுகை எதுவும் காட்டவில்லை. அன்றைக்கும் பெரிய சண்டை. ரணசூரிக்கு உயிர் மூன்று, தீர்த்தாவுக்கு நாலு. வைத்தியம் ஒரே ஒரு தடவை மிச்சம். நாக்கு வரைக்கும் வந்ததை நான் விழுங்கிக்கொண்டேன். அவள் என் தாளைப் பார்த்தாள், தன் தாளைப் பார்த்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

“அமுதாக்கா, உங்க முறை” என்றான் முருகேஷ். “யாருக்குங்க?”

“எனக்குத்தானுங்க.”

சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் பகடையை உருட்டினாள். ஆறு விழுந்தது. அடுத்த சுற்றிலேயே ரணசூரி விழுந்தாள். எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் கோபம் வந்திருக்கும்.